காருக்குப் பின்னால் ஒரு பாய்மரப் படகு: சென்னையில் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னதாக ஒரு பாய்மரப் படகு. சனிக்கிழமை விடியும் முன் அதைக் காருக்குப் பின்னால் மாட்ட வேண்டும், எங்காவது தண்ணீரில் இறக்க வேண்டும், இரவு அதிலேயே தங்கிவிட்டு ஞாயிறு மாலை வீடு திரும்ப வேண்டும். இந்த ஆசையோடு என்னிடம் யோசனை கேட்பவர்கள் முதலில் அனுப்புவது படகின் போட்டோவைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே இறக்கப் போகிறீர்கள்?" பெரும்பாலும் உடனே பதில் வராது. தண்ணீரை முடிவு செய்யாமல் படகை முடிவு செய்வதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை.

நம் கரையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. நேராகக் கிடக்கும் மணற்கரை, அதில் ஓயாமல் உடையும் அலை. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கும் வரை கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வந்தார்கள். அந்தப் படகில் ஆணி இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். நீங்கள் வாங்கப்போகும் ஃபைபர் படகு அப்படி வளையாது. அடியில் கனமான கீல், அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கத் தண்ணீருக்குள் நீளும் தகடு, இருந்தால், அலை தூக்கிப் போடும்போது அது தரையில் இடித்து, உடலோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். குப்பங்களில் ஃபைபர் படகை டிராக்டரால் மணலில் இழுக்கிறார்களே என்று கேட்பார்கள். அது தட்டையான அடியுள்ள படகு, கூட இருப்பவர்கள் பிறந்ததிலிருந்து அந்த அலையைப் பார்த்தவர்கள். படகை ஏற்றிக் காரில் இழுக்கும் உங்கள் ட்ரெய்லரின் சின்னச் சக்கரம் மணலில் அச்சு வரை புதைந்துவிடும். கோவளத்திலோ பெசன்ட் நகரிலோ கடற்கரையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் மிஞ்சுவது எது? ஒன்று, துறைமுகத்துக்குள் இருக்கும் கிளப்புகள். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் உண்டு. உறுப்பினர் ஆக வேண்டும், துறைமுகத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். இரண்டு, தெற்கே முட்டுக்காடு உப்பங்கழி. மூன்று, வடக்கே பழவேற்காடு ஏரி. மூன்றும் மூன்று விதமான படகைக் கேட்கும்.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு பிரம்மாண்டம், சராசரி ஆழமோ சுமார் ஒரு மீட்டர்தான். அமெரிக்காவில் 1969-லிருந்து ஆயிரக்கணக்கில் விற்ற கேட்டலினா 22 என்ற படகைப் பலரும் கனவு காண்கிறார்கள். நல்ல படகுதான். அதன் கீலைத் தூக்கி வைத்தாலே 60 சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும், இறக்கினால் 1.5 மீட்டர். ஏரியின் பெரும்பகுதியில் கீலை முழுக்க இறக்கவே முடியாது. கீல் இறங்காவிட்டால் காற்றை எதிர்த்துப் போக முடியாது, படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். அதே இடத்தில், கீலுக்குப் பதில் நடுவில் ஒரு பலகையை ஏற்றி இறக்கும் வேஃபேரர் போன்ற திறந்த படகு, பலகையைத் தூக்கினால் 20 சென்டிமீட்டர் தண்ணீரிலும் மிதக்கும்.

பழவேற்காடு பறவைகள் சரணாலயப் பகுதி என்பதையும், பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருப்பதையும் மறக்க வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு படகு விஷயத்தில் அங்கே கெடுபிடி அதிகம். வனத்துறையிடமும் காவல்துறையிடமும் முன்கூட்டியே பேசாமல் போகாதீர்கள்.

முட்டுக்காட்டில் வேறு கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பாலம் குறுக்கே நிற்கிறது, பாய்மரத்தைச் சாய்க்காமல் அடியில் போக முடியாது. முகத்துவாரத்தில் மணல் சேரும், கரையும், சில மாதங்களில் அடைத்தே போகும். கழியிலிருந்து கடலுக்குப் போய்வரலாம் என்ற திட்டத்தில் படகு வாங்கினால் ஏமாற்றம்தான்.

அடுத்து எடை. விளம்பரத்தில் இருப்பது வெறும் படகின் எடை. அதோடு ட்ரெய்லர், எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், சங்கிலி, குடிதண்ணீர், சமையல் சாமான் எல்லாம் சேரும். கேட்டலினா 22 தனியாக ஒரு டன் இருக்கும், எல்லாம் சேர்த்தால் ஒன்றரை டன்னைத் தொடும். நம்மூரில் ஓடும் சின்ன எஸ்யூவி பலவற்றின் எடையே அதைவிடக் குறைவு. தன்னைவிடக் கனமானதை இழுத்துக்கொண்டு ஈசிஆரில் திடீரென்று பிரேக் போடுவதை நினைத்துப் பாருங்கள். காரின் கையேட்டில் இழுவை எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வேஃபேரரின் உடல் 169 கிலோ, டிராஸ்கோம் லக்கர் என்ற இன்னொரு திறந்த படகு சுமார் 340 கிலோ. இந்த அளவில் தேடினால் காரை மாற்ற வேண்டிய அவசியம் வராது.

சின்னப் படகு என்றால் ஆபத்து, பெரியது என்றால் பாதுகாப்பு என்று மனம் சொல்லும். 1963-ல் ஃபிராங்க் டை ஒரு துணையோடு ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போனது இதே வேஃபேரர் வகைப் படகில்தான். நீங்கள் கடலைத் தாண்ட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படகின் நீளத்தைவிட அதை ஓட்டுகிறவரின் பழக்கம் பெரியது என்பதற்காகச் சொல்கிறேன்.

ட்ரெய்லரை இலவச இணைப்பாக நினைப்பதும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988 ட்ரெய்லரையும் வாகனத்தில் சேர்க்கிறது, ஆகவே பதிவும் காப்பீடும் உண்டா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சக்கரத்தின் பேரிங். ஐம்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான சக்கரத்தை உடனே உப்புத்தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சில மாதங்களில் பேரிங் துருப்பிடித்து நடுரோட்டில் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள், திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீட்டில் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அடுக்குமாடிப் பார்க்கிங்கில் பாய்மரம் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கேபின் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. "நான்கு பேர் தூங்கலாம்" என்று எழுதியிருப்பது குளிர் நாட்டுக்காரர்களுக்கான கணக்கு. ஏப்ரலில் சென்னையில், காற்றோட்டமில்லாத ஃபைபர் பெட்டிக்குள் ஒருவர்கூடத் தூங்க முடியாது. திறந்த படகில் பூமின் (பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கிடைக்கம்பு) மேல் தார்ப்பாய் கட்டி, கொசுவலை போட்டுப் படுத்தால் இரவுக் காற்று கிடைக்கும். கேபினுக்காகக் கொடுக்கும் பணத்தையும் எடையையும் நல்ல பாய்க்கும் நல்ல நங்கூரத்துக்கும் கொடுங்கள்.

காற்றைப் புரிந்துகொள்ளாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது உயிருக்கே ஆபத்தான தவறு. மே, ஜூன் மாதங்களில் காலையில் மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து காற்று வீசும். கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். காற்று பின்னாலிருந்து தள்ள, படகு சுகமாக வெளியே போகும். திரும்பும்போதுதான் அதே காற்று முகத்தில் அடிப்பது தெரியும். கடற்காற்று மதியம் எழும் என்று நம்பியிருப்பீர்கள், சில நாட்களில் அது வெகு நேரம் கழித்தே வரும். காற்றை எதிர்த்து ஏறத் தெரியாத படகு, வலுவில்லாத எஞ்சின் என்றால் வங்காள விரிகுடா உங்களை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினின் தண்டு நீளத்தையும் பாருங்கள். 15 அங்குலத் தண்டை உயரமான பின்பலகையில் மாட்டினால் அலையில் விசிறி வெளியே வந்து வெறுமனே சுற்றும், 20 அங்குலம் தேவைப்படலாம். பக்கத்துக் குப்பத்து மெக்கானிக்குப் பழக்கமான பிராண்ட் என்றால் இன்னும் நல்லது. கடலுக்குப் போகிறவர் போனில் கடலோரக் காவல்படையின் 1554 எண் இருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடல் பக்கமே வேண்டாம். படகு ஓட்டப் பழகுவதற்கு ஜனவரிப் பிற்பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

பழைய படகு வாங்குகிறீர்கள் என்றால், மேல்தளத்தை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்ற ஒலி "தொப்" என்று மாறும் இடத்தில் உள்ளே மரம் ஊறி அழுகியிருக்கிறது. கீல் தொங்கும் ஆணியையும் அதைத் தூக்கும் கம்பியையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாய்த்துணியை நகத்தால் கீறினால் நூல் பிரிகிறதா என்று பாருங்கள், நம் வெயில் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கடைசியாக, முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரை முழுச் சுற்றையும் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது, பாய்மரத்தை நிமிர்த்துவது, தண்ணீரில் இறக்குவது, திரும்ப ஏற்றிக் கட்டுவது. கையில் கடிகாரம் இருக்கட்டும். என் நண்பர் ஒருவரின் 22 அடிப் படகை இறக்க ஒன்றரை மணி நேரம், திரும்ப ஏற்றிக் கட்ட ஒன்றரை மணி நேரம், மூன்று ஆட்கள். இரண்டாவது வருடம் அவர் மொத்தம் நான்கு முறைதான் இறக்கினார். பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் உயிரோடு இருக்க மாட்டார். குப்பங்களில் கம்பிகள் தாழ்வாகத் தொங்கும். இறக்கும் இடத்தை முதல்முறை பார்க்கப் போகும்போதே நிமிர்ந்து பார்த்து, கம்பி இல்லாத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.