சாண்ட்பாக்ஸ் முறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய தொழில்நுட்பம் ஒன்று சந்தைக்கு வரும்போது, பழைய விதிகள் அதற்குப் பொருந்தாமலும், புதிய விதி எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாமலும் ஓர் இடைக்காலம் உண்டு. அக்காலத்தில் சில நிறுவனங்களை மட்டும், வரையறுத்த எண்ணிக்கையிலான வாடிக்கையாளர்களோடு, வரையறுத்த மாதங்களுக்கு, கண்காணிப்பின் கீழ் இயங்கவிட்டுப் பார்க்கும் ஏற்பாடே ஒழுங்குமுறை சாண்ட்பாக்ஸ். பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2016இல் தொடங்கிய இம்முறையை, இந்தியாவில் ரிசர்வ் வங்கியும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2019இல் கொண்டுவந்தன. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது.

இம்முறையைக் கெடுக்கும் முதல் தவறு, இதைச் சட்டத்திலிருந்து கிடைக்கும் விடுமுறையாகக் கருதுவது. ரிசர்வ் வங்கி 2019இல் வெளியிட்ட சாண்ட்பாக்ஸ் விதிச்சட்டகத்தைப் படித்தால், நிறுவனத்தின் முன் அனுபவம், நிர்வாகக் குழுவின் அமைப்பு, நிதி நிலை போன்றவற்றில்தான் தளர்வுக்கு இடமிருப்பது தெரியும். வாடிக்கையாளரின் அந்தரங்கம், பணப் பரிவர்த்தனைத் தரவின் பாதுகாப்பு, கேஒய்சி எனும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, பணமோசடித் தடுப்பு ஆகியவற்றில் தளர்வே இல்லை. சாண்ட்பாக்ஸில் நுழைந்ததால் வாடிக்கையாளருக்கான பொறுப்பு நிறுவனத்துக்குக் குறைந்துவிடுவதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், சோதனையின்போது பிறருக்கு நேரும் இழப்புக்கு நிறுவனமே பொறுப்பு என்கிறது. தளர்த்தக்கூடியது எது, தொடவே கூடாதது எது என்று முதல் நாளே எழுதிவைக்காத சாண்ட்பாக்ஸைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

மேற்பார்வையைக் கைவிட்டுவிட்டு அதைப் பரிசோதனை என்று அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் துயரமான சான்று. தானியங்கிக் கார்களின் சோதனையை வரவேற்று அம்மாநில ஆளுநர் 2015இல் ஆணை பிறப்பித்தார். 2018 மார்ச் 18 அன்று டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், காரைக் கண்காணிக்க உள்ளே அமர்ந்திருந்தும் சாலையைக் கவனிக்கத் தவறிய பணியாளரையும் நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைபாடுகளையும் சொன்னதோடு நிற்காமல், மாநிலப் போக்குவரத்துத் துறையின் மேற்பார்வை போதாமல் இருந்ததையும் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. அந்தப் பெண் எந்தச் சோதனைக்கும் சம்மதம் தந்தவர் அல்லர். சோதனையின் பாதிப்பு, அதில் சேராதவர்மீதும் விழக்கூடும் என்பதை மறப்பது மன்னிக்க முடியாத தவறு என்றே கருதுகிறேன்.

அடுத்தது, விடை தேட வேண்டிய கேள்வி எது என்று வகுக்காமலேயே சோதனையைத் தொடங்குவது. இணைய இணைப்பு இல்லாத இடத்தில் மின்னணுப் பணம் செலுத்துவது பற்றி ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் அறிவித்த சோதனைத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. அது சாண்ட்பாக்ஸுக்கு வெளியே தனியாக நடந்த சோதனைதான். என்றாலும் கேள்வி கூர்மையாக இருந்தது: இணைப்பே இல்லாதபோது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை (ஓடிபி போன்றவற்றை) விட்டுக்கொடுக்கலாமா? விட்டுக்கொடுத்தால் இழப்பு எவ்வளவு வரை போகலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். அது தீர்ந்தால் இணைப்புக்கு வந்து, சரிபார்ப்போடுதான் புதுப்பிக்க முடியும். அந்த அனுபவத்தின் மீதே 2022 ஜனவரியில் நாடு முழுமைக்குமான விதி வந்தது. 2023இல் பரிவர்த்தனை வரம்பு 500 ரூபாயாக உயர்ந்தது. முடிவு தேதியும் இதே அளவு முக்கியம். பிரான்ஸ் 2003இல் தன் அரசியல் சாசனத்திலேயே சோதனைச் சட்டத்துக்கு இடம் கொடுத்தபோது, நோக்கமும் காலமும் வரையறைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதியது.

சோதனையில் தேறியதை அரசு முத்திரையாகக் காட்டி விளம்பரம் செய்வதும் தவறு. ரிசர்வ் வங்கி சாண்ட்பாக்ஸின் முதல் சுற்றுக்கு வந்த 32 விண்ணப்பங்களில் 6 மட்டுமே சோதனைக்குத் தேர்வாயின. தேர்வு இவ்வளவு கடினம் என்பதால் அது முத்திரை போலத் தோன்றலாம். ஆனால் தானே முன்வந்து சேரும் சில ஆயிரம் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கைபேசியில் பழகியவர்களாகவே இருப்பார்கள். மோசடிக்காரர்களோ, கூட்டம் சேர்ந்த பிறகே வந்து சேர்வார்கள். ஆகவே சிறிய அளவில் சிக்கல் வராததைப் பெரிய அளவுக்கான உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒழுங்குமுறை அமைப்பின் ஒரு விளக்கக் கடிதத்தில் தீரும் ஐயத்துக்கு சாண்ட்பாக்ஸ் அமைப்பதும் வீண்.

தோற்ற சோதனைகளைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே எளிதில் கண்ணில் படாத தவறு. நிறுவனத்தின் வணிக ரகசியத்தைக் காப்பது நியாயம்தான். ஆனால் எந்த விதி எந்த இடத்தில் இடித்தது, வாடிக்கையாளர்கள் எதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள், புகார் செய்தவருக்குப் பணம் எத்தனை நாளில் திரும்பியது என்பவற்றைப் பெயர் குறிப்பிடாமலேயே வெளியிடலாம். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிப்பவர் முதலில் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.