பெற்றோல் பிக்கப்புக்கு பில்ரர் மாத்தின விதம்

வெறும் வண்டியா ஏ-9 றோட்டில நல்லா ஓடும்; நெல் மூட்டை ஏத்தி மிதிச்சா இழுவை விடுபடும். அடைஞ்ச பெற்றோல் பில்ரரின்ர குணம் இதுதான். சும்மா நிக்கேக்க வேண்டிய கொஞ்சப் பெற்றோலை விடும், பாரத்துக்கு வேண்டியதை விடாது. பிளக், கொயில் எண்டு செலவழிக்க முதல் இதைப் பாருங்கோ.

இஞ்செக்ஷன் வண்டியில (பெற்றோலைப் பம்ப் அழுத்தி எஞ்சினுக்குப் பீச்சிற வகை) பெற்றோல் லைனுக்குள்ள அழுத்தம் நிக்கும். எஞ்சின் ஆறினபிறகு பம்ப் பியூசைக் கழட்டி, ஸ்டார்ட் பண்ணி, தானா நிக்கவிட்டன். பிறகுதான் பற்றரி மைனஸ் வயரைக் கழட்டினன். பில்ரரின்ர அறுகோணத்தை ஒரு ஸ்பானரால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மற்றதால குழாயைப் பூட்டியிருக்கிற போல்ட்டை இளக்கோணும். இல்லாட்டி இரும்புக் குழாய் முறுகிப்போகும், அதுதான் பெரிய செலவு.

புதுசில அம்புக்குறி எஞ்சின் பக்கம். போல்ட் ஒண்டுக்கு 2 செப்பு வோசர், மொத்தம் 4. பழசைத் திருப்பிப் போடாதேங்கோ, நசிஞ்சது ஒழுகும். வயரையும் பியூசையும் பூட்டி, ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு இணைப்பையும் விரலால தடவிப் பார்த்தன், ஈரமில்லை.

பழைய பில்ரரை பெற்றோல் உள்ள வாற பக்கத்தால கண்ணாடிப் போத்தலுக்குள்ள கவிழ்க்க, செம்மண் கலங்கல், அடியில தண்ணி உருண்டை உருண்டையா. கானில வாங்கி வைச்சு ஊத்தினா இப்பிடித்தான். தண்ணி கண்டா தாங்கியையும் வடிச்சுக் கழுவுங்கோ, இல்லாட்டி புதுசும் கெதியா அடைஞ்சிடும்.