எரிமலை நிலத்தைத் தண்ணீர் வழியே படிப்பது எப்படி?

எரிமலை நிலம் என்றதும் எல்லோரும் வாய்க்குழியைத்தான் தேடுவார்கள். முதலில் தண்ணீரைத் தேடுங்கள் என்பேன். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் உள்ள ஹார்னி படுகை பழக நல்ல இடம். மனிதர் குறைவு, மாடு அதிகம். மரமும் குறைவு என்பதால் நில அமைப்பு பளிச்சென்று தெரியும்.

1. கூகுள் எர்த்தில் பர்ன்ஸ் ஊருக்குத் தெற்கே மல்ஹூர் ஏரியைப் பிடியுங்கள். படத்தில் தெரியும் கரையை நம்பாதீர்கள். ஆழமில்லாத ஏரி, வறட்சியில் சுருங்கிவிடும். 1980-களின் நடுவில் பெருகி, பக்கத்து ஹார்னி ஏரியோடு ஒன்றாகிப் பண்ணைகளை மூழ்கடித்தது.

2. தெற்கே ஸ்டீன்ஸ் மலை, 2,967 மீட்டர். மேற்கே மெல்லச் சரியும், கிழக்கே செங்குத்தாக இறங்கும். அதன் பனி உருகி, டானர் உண்ட் பிளிட்சன் ஆறாக வடக்கே ஏரிக்குப் போகிறது. ஆற்றோரப் பச்சைப் பட்டை தெரிகிறதா? 1872-இல் மாடுகளோடு வந்த பீட் ஃபிரெஞ்ச் பண்ணை போட்டது அங்கேதான்.

3. சரி, ஏரித் தண்ணீர் எங்கே வெளியேறுகிறது? கிழக்கே அதே பெயரில் மல்ஹூர் ஆறு ஓடி, ஸ்நேக் ஆற்றில் சேர்கிறது. ஆனால் ஏரிக்கும் அதற்கும் இன்று தொடர்பில்லை. ஏரியின் கிழக்கே கர்சரை நகர்த்தி, கீழே காட்டும் உயரத்தைப் பாருங்கள்: இறங்க வேண்டிய எண் ஏறும். பழைய வடிகாலை எரிமலைக் குழம்பு அடைத்துவிட்டது. மிஞ்சும் நீர் மேற்கே ஹார்னி ஏரிக்குப் போகிறது. அதற்கப்புறம் வெயில்தான் வடிகால். அதனால் அந்த ஏரி உப்பு.

4. இப்போது வாய்க்குழிகள். மல்ஹூர் ஏரிக்குத் தெற்கே சுமார் 70 சதுர கிலோமீட்டர் கருப்புத் திட்டு: டயமண்ட் கிரேட்டர்ஸ், ஏறக்குறைய 7,000 ஆண்டுப் பழசு. இங்கே நானே ஏமாந்தேன், குழியெல்லாம் மேடாகத் தெரிந்தது. வெயில் தெற்கிலிருந்து விழுகிறது, நம் கண்ணோ வெளிச்சம் படத்தின் மேலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. படத்தைச் சாய்த்துப் பாருங்கள், சரியாகிவிடும். எரிமலைக் கசடு குவிந்து எழுந்த மேடு கூம்பு. சூடான குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு, நீராவி வெடித்துத் தோண்டிய குழிக்கு 'மார்' (maar) என்று பெயர். அங்குள்ள மல்ஹூர் மாரின் அடியில் இன்றும் ஒரு சின்னக் குட்டை இருக்கிறது.