சால்மனும் ஆரஞ்சு கிளேஸும்: ஓவனில் எங்கே தப்பிப்போகிறது?

ஓவனில் சுட்ட சால்மன், அதன்மேல் ஆரஞ்சும் எலுமிச்சையும் தேனும் சேர்ந்த கிளேஸ் என்ற பளபளப்பான பூச்சு. செய்முறை நாலு வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரே தட்டில் இருக்கும் இந்த இரண்டும் குணத்தில் ஒத்துப்போகாதவை. சால்மனின் சதை 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே வெந்து இறுகத் தொடங்கிவிடும். 60-ஐத் தாண்டத் தாண்டச் சாறு வெளியேறி வறண்டுபோகும். கிளேஸுக்கோ, நீர் வற்றிச் சர்க்கரை நிறம் மாற 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, ஒன்றாக உள்ளே தள்ளி, ஒன்றாக வெளியே எடுப்பதுதான் ஆகப் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

உதாரணத்துக்கு, மீனைப் பழச்சாற்றில் ஊறவைப்பது. நெடுநேரம் ஊறினால் சுவை உள்ளே இறங்கும் என்ற நினைப்பு இறைச்சிக்கே அரைகுறையாகத்தான் பொருந்தும். மீனுக்கு அறவே பொருந்தாது. சாற்றில் உள்ள அமிலம், அடுப்பே இல்லாமல் மீனின் புரதத்தை இறுக்கிவிடும். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டே பக்குவப்படுத்தும் செவிச்சே என்ற தென் அமெரிக்க உணவு இதை நம்பித்தான் இருக்கிறது. சால்மனை ஒரு மணி நேரம் அப்படிப் போட்டுவைத்தால் மேல்பக்கம் வெளிறி, மாவாக உதிரத் தொடங்கும். அதன்பிறகு ஓவனுக்குள் போவது, ஏற்கெனவே ஒருமுறை வெந்த மீன். கட்டாயம் ஊறவைக்கத்தான் வேண்டுமென்றால் 15, 20 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் கணக்கில் அதுவும் தேவையில்லை. மீனுக்கு உப்பு, மிளகு, எண்ணெய், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல் போதும். சாறு முழுவதும் கிளேஸுக்குப் போகட்டும்.

வாடை போக வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. எலுமிச்சை வாடையைக் குறைப்பது உண்மைதான். மீன் வாடைக்கு முக்கியக் காரணமான டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டதும் காற்றில் பரவாத உப்பாக மாறிவிடும். அதற்குப் பரிமாறும்போது பிழிகிற நாலு சொட்டே போதும். அடுப்பேறும் முன்பே மூக்கைப் பொத்தவைக்கிற மீனை எந்த எலுமிச்சையாலும் காப்பாற்ற முடியாது. அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது கிளேஸ். ஆரஞ்சுச் சாறு, தேன், சோயா சாஸ் மூன்றையும் ஒரு கிண்ணத்தில் கலக்கி அப்படியே மீன்மேல் ஊற்றுவது பலரின் வழக்கம். அது மீனில் நிற்காது. வழிந்து தட்டில் தேங்கும். நடுவில் தேங்கியது கொதித்து மீனை ஆவியில் அவிக்கும். ஓரங்களில் படர்ந்தது கருகி ஒட்டிக்கொள்ளும். மீன் சுடவும் இல்லை, பளபளக்கவும் இல்லை என்ற நிலை.

கிளேஸை அடுப்பில் தனியாக வற்றவைக்க வேண்டும். நாலு துண்டு மீனுக்கு ஒரு கப் ஆரஞ்சுச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி தேன், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், விருப்பம்போல் துருவிய இஞ்சி. அகலமான பாத்திரத்தில் மிதமான தீயில் கொதிக்கவிட்டு, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காத்திருங்கள். கரண்டியின் பின்புறத்தில் படிந்த கிளேஸில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் இதற்குமேல் வற்றவிட வேண்டாம். சோயா சாஸும் சேர்ந்து சுண்டுவதால் உப்பு ஏறும். ஆகவே கிளேஸில் தனியாக உப்புப் போடுவதானால் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். பொறுமையில்லாதவர்கள் சோள மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். அதை அமிலத்தோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் மாவுச்சத்து உடைந்து கிளேஸ் மறுபடி நீர்த்துவிடும்.

பாத்திரத்தையும் கவனிக்க வேண்டும். பூச்சில்லாத அலுமினியமோ இரும்போ அமிலத்தோடு வினைபுரிந்து உலோகச் சுவையைக் கொடுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

எலுமிச்சையைக் கொதிக்கவிடுவது இன்னொரு தவறு. ஆரஞ்சுச் சாறு வற்றினால் அதன் இனிப்பு கூடும். எலுமிச்சையில் சர்க்கரை மிகக் குறைவு. வற்றினால் புளிப்பு மட்டும் ஏறி, மணம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சையைப் பிழியுங்கள். தோல் துருவலையும் அப்போதே சேர்க்கலாம். சிட்ரஸ் மணத்தின் பெரும்பங்கு தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை. பழத்தை நறுக்கிப் பிழிந்துவிட்டுத் துருவப் போனால் தோல் கைக்கு அடங்காது. முழுப் பழமாக இருக்கும்போதே துருவிவிட வேண்டும். வண்ணத்தோலோடு நிறுத்துங்கள். அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

படங்களில் மீன்மேல் வரிசையாக எலுமிச்சை வட்டங்களை அடுக்கியிருப்பார்கள். அது கண்ணுக்கு மட்டும்தான். அந்த வட்டங்களுக்கு அடியில் கிளேஸ் நிறம் பிடிக்காது. வெள்ளைத்தோலின் கசப்பும் மீனில் இறங்கும். அழகு வேண்டுமென்றால் பரிமாறும்போது வையுங்கள்.

கிளேஸை எப்போது பூசுவது? தேனில் பிரக்டோஸ் அதிகம். அது சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறிக் கருகும். தொடக்கத்திலேயே பூசினால் மீன் வேகும் முன்பே மேல்பாகம் கறுத்துவிடும். எண்ணெய் தடவிய மீனை முதலில் வெறுமனே ஓவனில் வையுங்கள். முக்கால் பதம் வந்ததும், அதாவது முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது, பிரஷ்ஷால் ஒரு பூச்சு. வெளியே எடுத்ததும் இன்னொரு பூச்சு. நல்ல நிறம் வேண்டுமென்றால் கடைசி ஓரிரு நிமிடம் மேல்சூட்டில், அதாவது கிரில்லில் வைக்கலாம். ஆனால் அங்கிருந்து நகராதீர்கள். பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையே இருப்பது சில நொடிகள்தான். பேக்கிங் தாள் விரித்திருந்தால் கிரில்லை இயக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள், தீப்பற்ற வாய்ப்பு உண்டு.

பச்சை மீனில் தொட்ட பிரஷ்ஷை மறுபடி கிளேஸ் பாத்திரத்துக்குள் விடுவது பலர் கவனிக்காத தவறு. மேசைக்குப் போகும் கிளேஸை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, கடைசிப் பூச்சுக்கு வேறு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மீன். சுட்ட சால்மனின் பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்குமே, அது கொழுப்பு அல்ல. ஆல்புமின் என்ற புரதம். தசை வேகமாக இறுகும்போது பிதுங்கி வெளியே வந்து உறைகிறது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அது அதிகமாக இருந்தால், சூடு கூடிப்போனதற்கு அடையாளம். அதைக் குறைக்க எளிய வழி உண்டு: அரை லிட்டர் குளிர்ந்த நீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து, மீனை 10 முதல் 15 நிமிடம் அதில் போட்டெடுங்கள். சதைக்குள்ளும் உப்பு பரவும். இப்படிச் செய்தால் மேலே தனியாக உப்புத் தூவ வேண்டாம். முக்கியமாக, எடுத்ததும் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈர மீனில் கிளேஸ் ஒட்டாது.

நேரத்தை மட்டும் நம்புவது எல்லாரும் செய்கிற தவறு. செய்முறையில் 20 நிமிடம் என்றிருந்தால் 20 நிமிடம் வைத்துவிடுவோம். வேகும் நேரத்தை முடிவுசெய்வது எடையைவிடத் தடிமன்தான். முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில், நடுவில் 2.5 செ.மீ. தடிமன் உள்ள துண்டுக்கு ஏறக்குறைய 12 முதல் 15 நிமிடம் ஆகும். வால்பக்கத் துண்டு மெலிந்தது. தடித்த துண்டோடு சேர்த்து வைத்தால் அது காய்ந்துவிடும். நுனியை அடியில் மடித்துவிடுங்கள், அல்லது அதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பண்ணையில் வளர்ந்த அட்லாண்டிக் சால்மனில் கொழுப்பு அதிகம், கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். சாக்கை போன்ற பசிபிக் காட்டு சால்மன் மெலிந்தது, இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே பார்க்க வேண்டும்.

ஊசி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்; இந்தச் சமையலுக்கு ஓவனுக்கு அடுத்தபடி அவசியமான கருவி அதுதான். பக்கவாட்டிலிருந்து தடித்த பகுதியின் நடுவே செருகுங்கள். மென்மையாகப் பரிமாற விரும்பும் சமையல்காரர்கள் பலர் 50, 52 டிகிரியில் எடுத்துவிடுவார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீனுக்குச் சொல்லும் அளவு 63. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறுபிள்ளைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடுவதானால் 63-தான் சரி, அதில் பேரம் வேண்டாம். வெளியே எடுத்த பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும். 60-இல் எடுத்து மூன்று நிமிடம் வைத்திருந்து, 63-ஐத் தொட்டுவிட்டதா என்று மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

தோலை உரித்துவிட்டுச் சுடுவதும் வேண்டாம். அடியில் இருக்கும் தோல் தட்டின் சூட்டிலிருந்து சதையைக் காக்கும். வெந்தபின் தானாகக் கழன்றுவரும். முள்ளை மட்டும் முன்பே பாருங்கள். விரலால் தடவினால் தட்டுப்படும், முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இடுக்கியால் இழுக்க வேண்டும்.

உறைந்த மீனென்றால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காற்று நீக்கிய பொட்டலமாக இருந்தால் முதலில் உறையைப் பிரித்துவிடுங்கள். காற்றில்லாத சூழலில், ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளர்ந்து கொடிய நச்சை உண்டாக்கக்கூடிய பாட்டுலினம் வகைப் பாக்டீரியா ஒன்று உண்டு.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் மைக்ரோவேவில் முழு வேகத்தில் சூடாக்கினால் வாடையும் வறட்சியும் ஒன்றாகக் கிளம்பும். ஃபாயில் மூடி, 135 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வையுங்கள். இல்லையென்றால் சூடாக்கவே வேண்டாம்; குளிர்ந்தபடியே உதிர்த்து, மிச்ச கிளேஸோடு பச்சைக் காய்கறிக் கலவையில் போட்டுக்கொள்ளலாம்.