துறவிகள் பெயரைக் குழந்தைக்கு வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

தங்கை மகளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். செல்போனில் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை, "விரக்தா நல்லா இருக்கே, பற்றற்றவள்னு அர்த்தமாம்" என்றார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "பொறந்து பத்து நாள் ஆகல, அதுக்குள்ள என்ன விரக்தி?" பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆன்மிகப் பெயர் தேடுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். வடமொழியில் விரக்தி என்றால் பற்று நீங்கிய நிலை. தமிழில் மனம் வெறுத்துப்போவது. வைராக்கியமும் அப்படித்தான்: அங்கே பற்றின்மை, இங்கே விடாப்பிடி. பட்டியலில் உள்ள பொருள் சரியாகவே இருக்கலாம். வாசலில் நின்று கூப்பிட்டால் தெருவுக்குக் கேட்பது தமிழ்ப் பொருள்தான்.

தவமணி, தவச்செல்வி போன்ற பெயர்களைச் சாமியார்த்தனமானவை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. தவமிருந்து பெற்ற பிள்ளை என்பதுதான் அந்தப் பெயர்களில் இருக்கும் சேதி. தவம் இருந்தது பெற்றவர்கள், பிள்ளை அல்ல!

அகராதிப் பொருளை மட்டும் பார்த்துப் பெயரைத் தள்ளுவது இன்னொரு தவறு. மணிமேகலை என்றால் மணிகள் கோத்த இடையணி. ஆனால் அந்தப் பெயரோடு வருவது நகை அல்ல. துறவு பூண்டு, அமுதசுரபி ஏந்தி, பசித்தவர்களுக்குச் சோறிட்ட பெண்ணின் கதை. அபர்ணா என்றால் இலைகூட இல்லாதவள். சிவனை வேண்டித் தவமிருந்த பார்வதி, உதிர்ந்த இலையைத் தின்பதையும் விட்டதால் வந்த பெயர். திலகவதி என்று கேட்டால் நெற்றித் திலகம்தான் நினைவுக்கு வரும். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோது, தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டு தவ வாழ்வு வாழ்ந்தவர் திலகவதியார். அந்தத் தம்பிதான் அப்பர்.

அந்த அப்பருக்கு வீட்டில் வைத்த பெயர் மருள்நீக்கியார். திருநாவுக்கரசு பின்னால் வந்தது. காரைக்கால் அம்மையார் புனிதவதி, ரமணர் வேங்கடராமன், விவேகானந்தர் நரேந்திரநாத். மகானின் பெயர் வேண்டும் என்கிறவர்கள் இந்தத் தொட்டில் பெயர்களைத் தேடிப் பார்ப்பதே இல்லை. 'ஆனந்தா' என்று முடியும் துறவுப் பெயர் குரு கொடுப்பது. அதைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு வைத்தால், எனக்கு என்னவோ மாறுவேடப் போட்டிதான் ஞாபகம் வருகிறது.

தாத்தா பெயர் பழனியாண்டி, பிச்சை என்றிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததாவது நிலைக்கட்டும் என்று பிச்சை எனப் பெயரிட்டது ஒரு காலம். அந்தக் காரணம் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனுக்குத் தெரியாது. கேலி செய்வான். பழனியாண்டியை விடவும் மனமில்லை என்றால் தண்டபாணி இருக்கிறது. கோவணமும் கையில் தண்டுமாக நிற்கும் அதே முருகன்தான்.

அப்புறம் பதிவு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் அதற்குள் பெயரையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். இது தெரியாமல் ஆஸ்பத்திரியிலேயே அவசரமாக ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்ற அலைகிறார்கள். பெயரைச் சேர்க்கும் அன்றே ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்யுங்கள். தபஸ்யாவுக்கு முதலில் 'h' சேர்க்காமல் 'T' மட்டும் போட்டால் நம் ஊர் வகுப்பில் 'டபஸ்யா' ஆகிவிடலாம்.

எங்கள் வீட்டில் கடைசியில் திலகவதி என்று வைத்தோம். எல்லோருக்கும் அவள் திலா. அம்மா மட்டும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.