இணையத்துக்கு உயிர் இருக்கிறதா? நீங்களே சோதித்துப் பார்க்க

பைபர் கேபிளில் ஸ்பிளைசிங் போடுவது, அதாவது அறுந்த கண்ணாடி இழைகளை ஒட்டுவது, என் வேலை. "இன்டர்நெட்டும் ஒரு உயிர்தான், காயம் பட்டால் தானே ஆற்றிக்கொள்ளும்" என்று யாராவது ஆரம்பித்தால் வாதம் செய்ய மாட்டேன், சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் கம்ப்யூட்டரில், தகவல் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போடுங்கள் (விண்டோஸில் டிரேசர்ட்). ஏதாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முகவரியைக் கொடுங்கள். பெரிய நிறுவனங்களின் தளம் வேண்டாம், அவற்றின் நகல் பெரும்பாலும் பக்கத்து ஊர் சர்வரிலேயே இருக்கும். வரும் ஒவ்வொரு வரியும் ஒரு ரவுட்டர், அதாவது தகவலை அடுத்த இடத்துக்கு வழிகாட்டி அனுப்பும் கருவி. முதல் வரி உங்கள் வீட்டுப் பெட்டி. பதில் வர எடுத்த மில்லிசெகண்ட் சட்டென்று எகிறும் இடத்தில் பெரும்பாலும் கடல் தாண்டியிருப்பீர்கள். நட்சத்திரக் குறி வந்தால் பயப்பட வேண்டாம், அந்த ரவுட்டர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். சில நாள் கழித்து மறுபடி போட்டால் பாதை மாறியிருக்கலாம். வழியில் ஒரு கேபிள் அறுந்தால் ரவுட்டர்கள் பிஜிபி (வலைப்பின்னல்கள் தங்களுக்குள் பாதையைச் சொல்லிக்கொள்ளும் முறை) மூலம் பக்கத்து ரவுட்டர்களுக்குச் சொல்லி வேறு வழி பிடிக்கும். பார்க்க உயிர் மாதிரியேதான் இருக்கும்.

அடுத்தது எறும்பு. அறுவடை எறும்புகளில், விதையோடு எவ்வளவு வேகமாக எறும்புகள் திரும்புகின்றனவோ அதைப் பொறுத்தே புதிய எறும்புகள் புற்றிலிருந்து கிளம்பும். இணையத்தில் தகவல் அனுப்பும் முறையான டிசிபியும் அப்படித்தான்: "வந்து சேர்ந்தது" என்ற பதில் திரும்பும் வேகத்தைப் பார்த்துத்தான் அடுத்த பாக்கெட்டை (தகவல் துண்டை) அனுப்பும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் டெபோரா கார்டனும் கணினி அறிஞர் பாலாஜி பிரபாகரும் 2012-ல் இந்த ஒற்றுமையை எழுதினார்கள்.

சரி, இப்போது காயத்துக்கு வாருங்கள். போக்குவரத்து வழி மாறிவிட்டது, ஆனால் ஜேசிபி அறுத்த கேபிள் அறுந்தபடியேதான் கிடக்கும். ஓடிடிஆர் என்ற சோதனைக் கருவியில் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்த்து, எத்தனை மீட்டரில் கட் என்று கண்டுபிடிக்க வேண்டும். குழியில் இறங்கி, மேலுறையை உரித்து, 125 மைக்ரான் கண்ணாடி இழையை நேராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.05 டிபிக்குக் (டெசிபல்) கீழே வராமல் நான் ஜாயிண்டை மூட மாட்டேன். கடலுக்கடியில் என்றால் கப்பல் போய்க் கொக்கி போட்டுத் தூக்கும்.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் படுத்ததே, அதையும் கணக்கில் சேருங்கள். பராமரிப்பில் போட்ட ஒரு கட்டளையால் அதன் பிஜிபி வழிகள் மறைந்தன. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள்.

கேபிளையும் ரவுட்டரையும் மட்டும் எண்ணினால் என் பதில் "இல்லை". குழியில் நிற்கிற எங்களையும் சேர்த்து எண்ணினால், சரி, உயிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.