வேன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு களைக்கொத்து

பழைய இரும்புக் கடையில் கிடக்கும் வேன் ஸ்பிரிங் பட்டையில் களைக்கொத்துக்கு வேண்டிய பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. எஃகு பதம் ஏறியது (சூடாக்கி உறுதியாக்கியது), லேசான வளைவு உண்டு, நடு போல்ட் ஓட்டையும் உண்டு. இந்த மூன்றையும் கெடுக்காமல் செய்தால் உலை தேவையில்லை.

6 மி.மீ. தடிமன், 5 முதல் 6 செ.மீ. அகலம் உள்ள பட்டையாகப் பாருங்கள். லாரிப் பட்டை கனம். அரை நாளில் தோள் கடுத்துவிடும். பட்டை பெரும்பாலும் நடு ஓட்டையை ஒட்டித்தான் விரிசல் விடும். துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மேலே கசிந்து கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

ஓட்டைக்குப் பின்னால் 3 செ.மீ., முன்னால் 17 செ.மீ. விட்டு கிரைண்டரில் வெட்டுங்கள். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். வெட்டிய இடம் நீலம் பூத்தால் பயமில்லை. பட்டைக்குப் பதம் ஏற்றும்போதே அதைவிடக் கூடுதல் சூடு கண்டிருக்கும். சிவந்தால்தான் ஆபத்து. சிவந்ததைத் தண்ணீரில் முக்கினால் அந்த விளிம்பு கல்லில் பட்டதும் கண்ணாடி மாதிரி தெறிக்கும். தானாக ஆறவிட்டு, 3 மி.மீ. தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பிடி செருகும் பைப்பை நேராகப் பட்டையில் வெல்டிங் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. வெல்டிங் சூடு சட்டென்று ஆறும்போது பற்றுக்குப் பக்கத்தில் எஃகு நொறுங்கும் பதத்துக்குப் போய்விடும். சில நாளில் அங்கேயே ஒடியும். போல்ட் போடுங்கள், தேய்ந்த பட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். 50 மி.மீ. ஆங்கிளில் (L வடிவ இரும்பில்) 9 செ.மீ. துண்டு எடுத்து, ஒரு முகத்தில் மூலையிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஓட்டை போடுங்கள். ஒற்றை போல்ட்டில் பட்டை சுழலும். அதனால் பட்டையின் இருபுறமும் 10 மி.மீ. கம்பித் துண்டை ஆங்கிளோடு பற்றவைத்து, பட்டை நடுவில் இறுக்கமாக உட்காரும்படி செய்யுங்கள். அடுத்த முகத்தின் மேல், பிடி செருக ஒன்றேகால் இஞ்ச் பைப் 12 செ.மீ. பற்றவையுங்கள். இது பழைய தண்ணீர்க் குழாயாக இருந்தால் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சை முழுதாகத் தேய்த்த பிறகே வெல்டிங். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும்.

பட்டையை வளைவின் உட்பக்கம் பிடியைப் பார்க்கும்படி ஸ்பிரிங் வாஷரோடு முடுக்குங்கள். சாணை வெளிப்பக்கம் மட்டும், சுமார் 30 டிகிரி.

திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் கூர் சீக்கிரம் மழுங்கும். அடிக்கடி அரம் போட வேண்டிவரும். சங்கரன்கோவில் கரிசலில் ஈரம் இருந்தால் மண் அப்பும், அங்கே 5 செ.மீ. அகலமே போதும். உவரி மாதிரிக் கடலோரத்தில் வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து வேப்பெண்ணெய் தடவுங்கள்.

பிடிக்கு நிழலில் காய்ந்த வேலங்கம்பு, நாலரை அடி. பச்சைக் கம்பு வேண்டாம், காயக் காயச் சுருங்கி பைப்புக்குள் ஆடும்.